மேல்மண்ணை அளந்து காப்பது: மானாவாரிச் செம்மண் காட்டுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஏக்கரில் மேல்மண் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், போன மண் நான்கு கன மீட்டர். லாரிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். எடையில் ஆறு டன். அவ்வளவு மண்ணை யாராவது இரவில் வண்டியேற்றிக்கொண்டு போனால் ஊரே கூடிவிடும். மழை கொண்டுபோகும்போது கேட்க ஆளில்லை, ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன். புதிதாக நிலம் வாங்கியவர்களும், நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்தக் காட்டுக்குத் திரும்பியவர்களும் எடுத்த எடுப்பில் செய்வது, ஜேசிபி வைத்து நிலத்தைச் சுற்றி உயரமாக வரப்பு போடுவது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே கூடுகிறது என்று பார்க்காமல் போட்ட வரப்பு ஒரு பெருமழையில் உடையும். உடைந்த இடத்தில் தேங்கி நின்ற தண்ணீர் முழுவதும் ஒரே வழியாகப் பாய்ந்து, அதுவரை இல்லாத பள்ளத்தை உண்டாக்கிவிடும். பணமும் போய், மண்ணும் முன்பைவிட அதிகமாகப் போகும்.

இங்கே சொல்வதெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், திண்டுக்கல் பக்கத்தில் இருப்பது போன்ற செம்மண் காடுகளுக்கு: நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை சரிவு, ஆடிப்பட்டக் கடலை, சோளம், துவரை. கரிசலுக்குச் சில இடங்களில் கணக்கு மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன். நீலகிரி, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்களுக்கு இந்த அளவுகள் போதாது. உதகமண்டலத்தில் இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மலைக்கான படித்தள முறைகளை அங்கே கேட்பதுதான் சரி.

மழையோடு ஒரு நடை

முதல் வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழை பெய்து ஓயும் நேரத்தில் நிலத்தின் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி வரை நடந்து பாருங்கள். இடி மின்னல் இருந்தால் வெளியே இறங்க வேண்டாம், அது அடங்கியதும் போனால் போதும். மழை நின்று கால் மணி நேரம் வரை கூடத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பார்க்க வேண்டியது மூன்று. மேலே பக்கத்து நிலத்திலிருந்தோ பாதையிலிருந்தோ தண்ணீர் உங்கள் காட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது? உள்ளே எங்கே சிறு சிறு ஓட்டங்கள் ஒன்றுசேர்கின்றன? எந்த மூலையில் வெளியேறுகிறது, அப்போது அதன் நிறம் என்ன? கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நிலத்தின் வடிவத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டால் பின்னால் எல்லா வேலைக்கும் அதுதான் அடிப்படை.

மழை இல்லாத நாளிலும் நிலம் சில தடயங்களை வைத்திருக்கும். குனிந்து, தரையோடு தரையாகப் பாருங்கள். ஒரு சரளைக் கல்லோ கடலைத் தோலோ சின்ன மண் தூண் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றியிருந்த மண் போய், கல்லின் அடியில் இருந்த மண் மட்டும் மிச்சம். அந்தத் தூணின் உயரத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தால் கடைசி உழவுக்குப் பின் அந்த இடத்தில் எவ்வளவு மண் போயிற்று என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஐந்து மில்லிமீட்டர் தூண்கள் சாதாரணமாகக் கிடைக்கும். இது தவிர, மரங்களின் வேர் வெளியே தெரிவது, வரப்பின் மேல்பக்கம் மண் ஏறியும் கீழ்ப்பக்கம் இறங்கியும் இருப்பது, மேட்டுப் பகுதியில் பயிர் எப்போதும் வெளுத்து நிற்பது எல்லாம் அதே கதைதான்.

கடலைச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் செம்மண் தெறித்திருக்கும். பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், தரையில் வந்து மோதுகிறது. வெற்று மண்ணில் அது தெறிக்கும் துகள்கள் இரண்டடி உயரம் வரை எழும்பும். அரிப்பு தொடங்குவது இங்கேதான், ஓடும் தண்ணீரில் இல்லை. துளி உடைத்த நுண்ணிய துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேலே பொருக்கு தட்டுகிறது. பொருக்கு தட்டிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது. இறங்காத தண்ணீர் ஓடுகிறது, உடைந்து கிடக்கும் மண்ணையும் இழுத்துக்கொண்டு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் எதை முதலில் செய்வது என்ற கேள்வியே எழாது.

சரிவு எவ்வளவு?

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பதினைந்து மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெளிந்த ஹோஸ் ஒன்று, சென்டிமீட்டர் குறித்த ஐந்தடிக் குச்சி இரண்டு, கூட ஒரு ஆள். ஹோஸில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். இரு முனைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பிடித்தால் நீர்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு குச்சியை மேட்டில் நிறுத்தி, இன்னொன்றைச் சரிவின் போக்கில் பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இரண்டிலும் நீர்மட்டம் நிற்கும் உயரத்தைப் படித்துக் கழித்தால் இறக்கம் கிடைக்கும். பத்து மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் சரிவு 3 விழுக்காடு. நிலத்தில் நாலைந்து இடத்தில் எடுங்கள். பார்வைக்குச் சமதளமாகத் தெரியும் காட்டில் கூட 2 விழுக்காடு வருவது உண்டு.

இதே கருவியால் சம உயரக்கோடும் போடலாம். முதல் குச்சியை ஒரு இடத்தில் நிறுத்தி, இரண்டிலும் அளவு ஒன்றாக வரும்வரை மற்றவர் மேலும் கீழும் நகர வேண்டும். ஒன்றானதும் முளை அடித்து, அங்கிருந்து அடுத்த பத்து மீட்டர். முளைகளின் வரிசை பாம்பு போல வளைந்துதான் வரும். டிராக்டர் திரும்ப வசதியாகச் சிறு நெளிவுகளை நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் பள்ளம் இருக்கும் இடத்து வளைவை மட்டும் நேராக்கக் கூடாது, தண்ணீர் அங்கேதான் அழுத்தும்.

கம்பி நட்டு அளப்பது

மண் இழப்பை நேரடியாக அளக்க மிக மலிவான வழி இதுதான். எட்டு மில்லிமீட்டர் கட்டடக் கம்பி முழு நீளம் ஒன்று வாங்கினால் நாற்பது அடி இருக்கும். இரண்டடித் துண்டுகளாக வெட்டினால் இருபது. நிலத்தின் மேல்பகுதி, நடு, கீழ்ப்பகுதி என்று மூன்று வரிசையில், வரிசைக்கு ஆறு நடுங்கள். இரண்டு கையிருப்பாக இருக்கட்டும். ஒன்றரை அடி மண்ணுக்குள், அரை அடி வெளியே. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வாஷரைத் தளர்வாகப் போட்டு மண்மேல் படிய விடுங்கள். கம்பி முனையிலிருந்து வாஷர் வரை இரும்பு அளவுகோலால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

மழைக்காலம் முடிந்து அளக்கும்போது மண் போயிருந்தால் வாஷர் இறங்கியிருக்கும். மேலிருந்து வந்த மண் படிந்திருந்தால் வாஷர் புதைந்திருக்கும். இரண்டும் நடந்திருந்தால், அதாவது முதலில் அரித்துப் பின்னால் படிந்திருந்தால், வாஷருக்கு மேலே உள்ள மண்ணின் கனத்திலிருந்து அதுவும் தெரிந்துவிடும். வெறும் கம்பியை மட்டும் நட்டவருக்கு இந்த விவரம் கிடைக்காது.

சில எச்சரிக்கைகள். உழுத மண் தானாகவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அமுங்கும். உழுத மறுநாளே அளவெடுத்தால் அமுங்கியதெல்லாம் அரித்ததாகக் கணக்கில் ஏறிவிடும். விதைத்து, ஒன்றிரண்டு மழை பெய்து மண் படிந்த பிறகுதான் முதல் அளவு. களையெடுக்கும்போது கம்பியைச் சுற்றி ஓர் அடிக்குக் களைக்கொத்து படாமல் கையால் பிடுங்குங்கள். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றைச் செருகிச் சிவப்புத் துணி கட்டுங்கள். காலில் குத்தினால் பெரிய காயம், மாட்டுக்கும் ஆகாது. அறுவடைக்கு முன் எண்ணி எடுத்துவிடுங்கள். கரிசலில் இந்த முறை சரிவராது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது, கம்பிக் கணக்கு மாதத்துக்கு ஒன்றாக வரும்.

ஒரு கம்பியின் அளவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிழை எப்போதும் உண்டு. அதனால் தனிக்கம்பியைப் பார்த்து முடிவெடுக்காமல் வரிசையின் சராசரியைப் பாருங்கள். மேல்வரிசையில் 2 மில்லிமீட்டர் குறைந்து, கீழ்வரிசையில் 3 ஏறியிருந்தால் மண் உங்கள் நிலத்துக்குள்தான் இடம் மாறுகிறது. மூன்று வரிசையும் குறைந்திருந்தால் வெளியே போகிறது.

கீறல்களைக் கணக்கிடுவது

பெருமழைக்குப் பின் காட்டில் விரல் அகலம், கை அகலத்தில் கீறிய தடங்கள் தெரியும். அடுத்த உழவில் மறைந்துவிடும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மறைவதற்குள் அளந்துவிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே 20 மீட்டர் கயிறு கட்டி, அதைக் கடக்கும் ஒவ்வொரு கீறலின் மேல் அகலத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. கயிற்றைக் கடப்பவை 12 கீறல்கள், சராசரி அகலம் 10 செ.மீ., ஆழம் 4 செ.மீ. கீறல் முக்கோண வடிவம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றின் குறுக்குப் பரப்பு 20 சதுர செ.மீ. பன்னிரண்டுக்கும் 240. கீறல்கள் 30 மீட்டர் நீளம் ஓடுகின்றன என்றால் போன மண் 0.72 கன மீட்டர். 20 மீட்டருக்கு 30 மீட்டர், 600 சதுர மீட்டர் பரப்பில் அதைப் பரப்பினால் 1.2 மில்லிமீட்டர். ஏக்கருக்கு ஏழு டன்னுக்கு மேல். கீறல்களுக்கு இடைப்பட்ட பரப்பிலிருந்து சீராக வழித்துப் போனது இதில் சேரவில்லை.

அப்புறம் பாட்டில். தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு லிட்டர், வெளியேறும் இடத்தில் ஒரு லிட்டர், ஒரே நேரத்தில் பிடியுங்கள். இரண்டு நாள் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, அடிமண்ணைக் காயவைத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். உள்ளே வரும் தண்ணீரில் 2 கிராம், வெளியே போவதில் 8 கிராம் என்றால் வித்தியாசம் உங்கள் மண். இரண்டும் ஒன்றாக இருந்தால் கலங்கல் மேலேயிருந்து வருகிறது, பேச வேண்டியது மேல்நிலத்துக்காரரிடம். 15 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஓடி வெளியேறும் ஒரு மழையில் ஏக்கருக்கு 60,000 லிட்டர் போகும். லிட்டருக்கு 8 கிராம் என்றால் ஒரே மழையில் 480 கிலோ. அதிலும் போவது களியும் மட்கும் சேர்ந்த நுண்மண். நீங்கள் போட்ட தொழுவுரத்தின் சத்து ஒட்டியிருப்பது அதில்தான்.

எவ்வளவு போனால் அதிகம்?

எக்டேருக்கு ஆண்டுக்கு 11 டன் வரை தாங்கலாம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் உச்சவரம்பு. ஏக்கருக்கு நான்கரை டன், கனத்தில் முக்கால் மில்லிமீட்டர், ஒரு ஏ.டி.எம். அட்டையின் கனம். இது ஆழமான மண்ணுக்கு. ஓர் அடிக்குக் கீழே சரளையோ பாறையோ வந்துவிடும் காடுகளுக்கு அந்த வரம்பைப் பாதியாகவாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். இந்தியா முழுமைக்குமாக 1983-இல் வெளியான மதிப்பீடு எக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 16.4 டன், மொத்தம் 533 கோடி டன். அதில் 29 விழுக்காடு கடலுக்கும் 10 விழுக்காடு அணைகளின் அடியிலும் போய்ச் சேர்வதாகக் கணக்கு.

அமெரிக்காவில் வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் ஆயிரக்கணக்கான பாத்தி அளவீடுகளிலிருந்து ஒரு சமன்பாடு தந்தார்கள். மழையின் தாக்கம், மண்ணின் தன்மை, சரிவும் அதன் நீளமும், மேல்மூடல், பாதுகாப்பு வேலைகள், இவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் மண் இழப்பு. அந்த எண்களை அப்படியே நம் காட்டுக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் அவை பெருக்கப்படுகின்றன என்பது முக்கியம். எந்த ஒன்றைப் பாதியாக்கினாலும் மொத்த இழப்பு பாதியாகும். மழை நம் கையில் இல்லை. மண்ணின் தன்மை மெதுவாக மாறும். சரிவின் நீளத்தை வரப்பால் வெட்டலாம், செலவாகும். மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியது மேல்மூடல். தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தாலே அரிப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

மூடாக்கு முதலில், வரப்பு அப்புறம்

ஆண்டு முழுவதும் மூடி வைக்க முடியாது. எனவே எந்த வாரங்களில் மண் அம்மணமாகக் கிடக்கிறது, எப்போது கனமழை வருகிறது, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழை ஒன்று. இன்னொன்றுதான் பெரிது: ஆடியில் விதைத்த கடலை ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. காடு முழுவதும் கிளறிவிட்ட நிலையில், செடி ஒன்றுகூட இல்லாமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. இதைவிடக் கேடான நேரப்பொருத்தம் கிடையாது. நம் செம்மண் காடுகள் மெலிந்ததில் இந்த ஒரு மாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய ஆட்கள் கடலையில் ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போட்டதற்கு வருமானம் மட்டும் காரணமில்லை. கடலை போன பின்னும் துவரை தை மாதம் வரை நிற்கும், இலை உதிர்க்கும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும். துவரை வரிசை சரிவுக்குக் குறுக்கே இருந்தால் தண்ணீரின் வேகமும் குறையும். துவரை போடாதவர்கள் கடலை பிடுங்கிய ஈரத்திலேயே கொள்ளு விதைத்துவிடுங்கள். சில வாரங்களில் படர்ந்து தரையை மூடிவிடும், தீவனமும் ஆகும்.

பயிர்க்கழிவை நிலத்திலேயே விடுங்கள் என்று சொல்வது எளிது. கடலைக்கொடியும் சோளத்தட்டும் மாட்டுக்கு வேண்டும், விலைக்கும் போகும். அதைப் பரப்பிவிட யாருக்கும் மனசு வராது, வரவும் வேண்டாம். சோளத்தை அடியோடு அறுக்காமல் அரை அடி தாளை நிற்கவிடுங்கள். களையைப் பூக்கும் முன் பிடுங்கி வரிசைகளுக்கு இடையில் போடுங்கள். வேலியோரம் கிளைரிசிடியா வைத்து வெட்டிப் போட்டால் தழைச்சத்தும் சேரும். தென்னை மட்டை கிடைத்தால் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குங்கள். எல்லாக் காட்டையும் மூட முடியாவிட்டால் மேல்கோடியிலிருந்து தொடங்குங்கள். அங்கே தண்ணீர் இறங்கிவிட்டால் கீழே ஓடுவதற்கு இருக்காது.

கோடை உழவு பற்றி ஒரு சொல். மழையை உள்ளே இறக்கவும் பூச்சிக் கூடுகளை வெளியே கொண்டுவரவும் அது நல்லதுதான். சரிவுக்குக் குறுக்கே, கொத்துக் கலப்பையால், கட்டி கட்டியாகப் புரள உழ வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டிப் பவுடராக்கிப் போட்டால் ஒரு கோடை மழைக்குள் பொருக்கு தட்டிவிடும். டிராக்டர்காரருக்கு நீளவாக்கில் ஓட்டுவது வசதி, திரும்புவது குறைவு, டீசல் மிச்சம். நிலத்தின் நீளவாக்கு சரிவின் போக்கிலேயே இருந்துவிட்டால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். கூடக் கொஞ்சம் கூலி கொடுத்தாவது குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் மண் எவ்வளவு எளிதில் கரையும் என்று பார்க்க, காய்ந்த பட்டாணி அளவு மண்கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். பக்கத்தில், வேலியோரப் புல்லடியிலிருந்து எடுத்த அதே அளவுக் கட்டி ஒன்றையும் இன்னொரு டம்ளரில் விடுங்கள். உழவுக்காட்டுக் கட்டி குமிழி விட்டு ஒரு நிமிடத்தில் சரிந்து சேறாகிவிடும். புல்லடிக் கட்டி பெரும்பாலும் அப்படியே நிற்கும். மண் ஒன்றுதான், மட்கும் வேரும்தான் வித்தியாசம். தொழுவுரமும் பசுந்தாளும் போடப்போட இந்த இடைவெளி குறைவதை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

வரப்பு போடும்போது

சம உயரக்கோட்டில் முளை அடித்த பிறகுதான் மண்வெட்டி. இரண்டு வரப்புக்கு இடையே எவ்வளவு விடுவது என்பதற்கு மண் பாதுகாப்புத் துறையில் பயன்படும் சூத்திரம் ஒன்று உண்டு: சரிவு விழுக்காட்டை மூன்றால் வகுத்து, இரண்டைக் கூட்டி, 0.3-ஆல் பெருக்கினால் இரு வரப்புகளுக்கும் இடையே இருக்க வேண்டிய உயர வித்தியாசம் மீட்டரில் கிடைக்கும். 3 விழுக்காட்டுச் சரிவுக்கு 0.9 மீட்டர், தரையில் 30 மீட்டர் இடைவெளி. 2 விழுக்காட்டுக்கு 40 மீட்டர். 5 விழுக்காட்டுக்கு 22 மீட்டர்.

மேலிருந்து கீழாகப் போட்டு வாருங்கள். கையில் பணம் இருப்பது ஒரு வரப்புக்குத்தான் என்றால் அது மேல் வரப்பாக இருக்கட்டும். கீழே மட்டும் போட்டால் மொத்தக் காட்டுத் தண்ணீரையும் அது ஒன்றே தாங்க வேண்டும். மேல்நிலத்திலிருந்து தண்ணீர் பாய்ந்து வருகிறதென்றால், அதற்கும் முன்னால் எல்லையோரம் ஒரு வடிகால் வெட்டி ஓடைக்குத் திருப்புங்கள். திருப்புவது பக்கத்துக்காரர் நிலத்தில் போய் விழக் கூடாது. இந்த வகைச் சண்டைகள் தலைமுறைக்கும் நீள்பவை, முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

வரப்பு இரண்டரை அடி உயரம் வேண்டுமென்றால் மூன்றடியாகப் போடுங்கள், புதுமண் அமுங்கும். அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். மண் எடுக்கும் குழிகளைத் தொடர்ச்சியாக வெட்டாமல் விட்டு விட்டு, ஆழமில்லாமல் வெட்டுங்கள், இல்லாவிட்டால் குழியே வாய்க்காலாகிவிடும். ஒவ்வொரு வரப்பிலும் கலிங்கு கட்டாயம். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல் அடுக்கி, அதற்கு மேல் வரும் தண்ணீர் அடக்கமாக வழிய இடம் விடுங்கள். வழிந்து விழும் பக்கத்திலும் கல் பாவ வேண்டும். கலிங்கு இல்லாத வரப்பு தானே ஒரு கலிங்கைத் தேடிக்கொள்ளும், அது உடைப்பு.

கரிசலில் சம உயர வரப்பின் பின்னால் தண்ணீர் நாள்கணக்கில் நின்று பயிர் அழுகும், காய்ந்தபின் வெடிப்பு வழியாக வரப்பும் உடையும். அங்கே மிகச் சிறிய வாட்டம் கொடுத்துத் தண்ணீரை மெல்ல வெளியேற்றும் வரப்போ, ஹைதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய, அகலமான பாத்தியும் இடையிடையே சாலுமாக அமைக்கும் முறையோதான் பொருந்தும்.

வெட்டிவேர் வரிசை

வரப்புக்குப் பணம் இல்லாதவர்களுக்கும், வரப்பைக் கட்டிக் காக்க நினைப்பவர்களுக்கும் வெட்டிவேரைச் சிபாரிசு செய்கிறேன். மைசூரை அடுத்த குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் இதை எல்லை வேலியாக நெடுங்காலமாக வைத்து வந்தவர்கள். 1980-களில் உலக வங்கி மண் பாதுகாப்புக்கென்று இதைப் பரப்பத் தொடங்கியது. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே இரண்டு, மூன்று மீட்டர் இறங்குவதால் பயிரோடு அதிகம் போட்டியிடாது. சம உயரக்கோட்டில், மழை பிடித்த ஈரத்தில், தூர் பிரித்து அரை அடிக்குக் குறைவான இடைவெளியில் ஒற்றை வரிசையாக நடுங்கள். செத்த இடங்களில் உடனே மறுநடவு செய்யுங்கள், ஓர் ஓட்டை இருந்தால் எல்லாத் தண்ணீரும் அதில்தான் போகும். முதல் ஆண்டு ஆடுமாடு வாய்வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடர்ந்து, மேல்பக்கம் மண் படிந்து, தானே ஒரு படித்தளம் உருவாகத் தொடங்கும். கடலூர் பக்கம் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். காவலுக்கு வைத்த வரிசையில் வேர் எடுக்க ஆசைப்படாதீர்கள். தோண்டினால் மண் இளகிவிடும்.

வெட்டிவேர்த் தூர் கிடைக்காத ஊர்களில் கொழுக்கட்டைப் புல்லை வரப்பின் மேல் விதைக்கலாம். பலன் சற்றுக் குறைவு, தீவனம் அதிகம்.

ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தால்

பள்ளத்தை மண் போட்டு நிரப்ப வேண்டாம். அடுத்த மழையில் அந்த மண்தான் முதலில் போகும். பள்ளத்துக்கு வரும் தண்ணீரைக் குறைத்துவிட்டு, உள்ளே கல் தடுப்புகளை வரிசையாக அமையுங்கள். கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் அடியோடு சமமட்டமாக வர வேண்டும். டியூப் லெவலை இங்கேயும் பயன்படுத்தலாம். தடுப்பின் இரு ஓரமும் கரைக்குள் ஓர் அடியாவது புதைய வேண்டும், நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நடு உயர்ந்திருந்தால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப்போய்க் கரையை அறுக்கும். பெரிய கற்கள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், அந்தப் பக்கச் சரிவை நீட்டி, மெல்லச் சாயும்படி விடுங்கள். பின்னால் வண்டல் நிறைந்ததும் கிளைரிசிடியா போத்துகளை நட்டுவிடுங்கள். தடுப்பில் தேங்கிய வண்டலையும் பண்ணைக்குட்டையின் அடிமண்ணையும் கோடையில் அள்ளி மேல்கோடிக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் போடலாம்.

கல் வேலை, வரப்பு, பண்ணைக்குட்டை எல்லாவற்றுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இயந்திர வாடகை, மானியம் எல்லாம் ஆண்டுக்காண்டு மாறும். நீர்வடிப்பகுதித் திட்டம் உங்கள் ஊரில் நடக்கிறதென்றால் தனியாகச் செய்வதைவிட அதில் சேர்ந்து, மேல்நிலம், கீழ்நிலம் எல்லாருமாகச் செய்வது பல மடங்கு பலன் தரும். அலுவலரிடம் போகும்போது நீங்கள் வரைந்த படமும் கம்பி அளவுகளும் கையில் இருந்தால் பேச்சு நேரே வேலைக்கு வந்துவிடும்.

அடுத்த ஆண்டும் அதே கம்பிகளை அதே இடங்களில், அதே பருவத்தில் நட்டு அளவெடுங்கள். மழையளவையும் எழுதுங்கள். நேர்ச்சுவர் கொண்ட தகர டப்பா ஒன்றில் சேர்ந்த தண்ணீரை அளவுகோலால் அளந்தால் போதும். குறைந்த மழை பெய்த ஆண்டில் அரிப்பும் குறைந்துதான் இருக்கும். அதை உங்கள் வேலையின் பலன் என்று எண்ணிவிடாமல் இருக்க ஒரு வழி, மூடாக்கு போடாத சிறு பட்டை ஒன்றை ஒதுக்கி அதிலும் நாலு கம்பி நடுவது. முதல் பெருமழை முடிந்த மறுநாள் காலையில் எல்லா வரப்பையும் ஒருமுறை நடந்து பாருங்கள். எலி வளை, அமுங்கிய இடம், கலிங்கில் பெயர்ந்த கல், இவற்றை அன்றே சரிசெய்தால் ஒரு சட்டி மண்ணில் முடியும். இரண்டாவது மழை வரை விட்டால் மறுபடி ஜேசிபிதான்.